பேட்டரியில் இயங்கும் கம்பியில்லா வலையமைப்பை ஒட்டுக்கேட்பிலிருந்து காப்பது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

சிறிய பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் இயங்க வேண்டிய சென்சார்களைக் கொண்டு ஒரு வலையமைப்பை அமைக்கும்போது, பாதுகாப்பைச் சேர்த்தால் பேட்டரி தாங்காது என்ற அறிவுரை எல்லாத் திசைகளிலிருந்தும் வரும். நானும் அதைக் கேட்டேன். பிறகு டேட்டா ஷீட்டுகளையும் தரநிலை ஆவணங்களையும் புரட்டி, மின்னோட்டத்தை அளந்து, ஒவ்வொரு பைட்டுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்ட பின்புதான் அந்த அறிவுரை எவ்வளவு தவறானது என்பது விளங்கியது. குறியாக்கத்தின் கணிப்பு வேலைக்கு ஆகும் மின்சக்தி மிகச் சிறியது. செலவு பெரும்பாலும் அதற்காகக் காற்றில் கூடுதலாக அனுப்பும் பைட்டுகளிலும், தேவையில்லாமல் திறந்திருக்கும் ரிசீவரிலும், அடிக்கடி நடக்கும் இணைப்புப் பேச்சுவார்த்தையிலும் இருக்கிறது. இந்த மூன்றையும் அடக்கினால் முழுப் பாதுகாப்பையும் வைத்துக்கொண்டு பேட்டரியையும் காப்பாற்றலாம். அதற்கான படிகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள்

சாதனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே நான்கு ஆவணங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, ரேடியோ சிப்பின் டேட்டா ஷீட். அதில் அனுப்பும்போது, கேட்கும்போது, உறங்கும்போது ஓடும் மின்னோட்டம் எவ்வளவு, ஏஇஎஸ் என்னும் பரவலான தரநிலைக் குறியாக்கத்துக்குத் தனி வன்பொருள் உண்டா, உண்மையான தற்செயல் எண்களைத் தரும் வன்பொருள் உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். இரண்டாவது, அதே சிப்பின் எர்ராட்டா, அதாவது தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட பிழைகளின் பட்டியல். பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஆனால், நினைவகத்தைப் படிக்கவிடாமல் பூட்டும் வசதி எந்தத் திருத்தப் பதிப்பிலிருந்து ஒழுங்காக வேலை செய்கிறது என்பது போன்ற தகவல்களை அங்கேதான் தேட வேண்டும். மூன்றாவது, நீங்கள் பயன்படுத்தப்போகும் நெறிமுறையின் பாதுகாப்பு அத்தியாயம்: ஐஇஇஇ 802.15.4 (குறைமின்சக்தி ரேடியோவுக்கான தரநிலை), புளூடூத், லோராவேன் (லோரா என்னும் நெடுந்தூர ரேடியோவின் மேல் இயங்குவது), ஜிக்பீ (802.15.4 இன் மேல் இயங்குவது), எதுவானாலும் சரி. நான்காவது, உங்கள் நாட்டின் அலைவரிசை ஒழுங்குமுறை ஆவணம். எந்தப் பட்டையில், எவ்வளவு திறனில், எவ்வளவு நேரம் அனுப்பலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஐந்தாவதாக நீங்களே எழுத வேண்டிய ஆவணம் ஒன்றும் உண்டு: குறியாக்கத்துக்கான ரகசிய எண்களாகிய சாவிகளின் பதிவேடு. எந்தச் சாதனத்துக்கு எந்தச் சாவி, எந்த நாளில், யாரால் ஏற்றப்பட்டது, எப்போது நீக்கப்பட்டது என்பதை அதில் குறிக்க வேண்டும். சாவியின் மதிப்பை அதில் எழுதக் கூடாது, அதன் அடையாள எண் மட்டுமே போதும்.

2. யாரிடமிருந்து காக்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

அருகில் நின்று, கணினியில் செருகும் மலிவான ரேடியோக் கருவியான டாங்கிளில் பாக்கெட்டுகளைப் பிடிப்பவர், தொலைவிலிருந்து திசை ஆன்டெனாவால் கேட்பவர், இன்று பதிவுசெய்து வைத்துப் பின்னொரு நாளில் சாவி கிடைத்ததும் பிரித்துப் படிப்பவர், ஒரு சென்சாரையே கழற்றிக்கொண்டு போய் நினைவகத்தைப் படிப்பவர் என நான்கு வகையினர் உண்டு. முதல் இருவரைத் தடுக்க ஒழுங்கான குறியாக்கம் போதும். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் சாவி நிர்வாகம்தான் பதில், அது ஐந்தாம் படியில் வருகிறது. இந்தப் பக்கத்தை எழுதாமல் தொடங்குபவர்கள் வழக்கமாக முதல் வகையினருக்கு எதிராக அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டு, நான்காம் வகையினருக்குக் கதவைத் திறந்தே வைத்துவிடுகிறார்கள்.

3. மின்சக்தியின் வரவுசெலவுக் கணக்கைப் போடுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. சிஆர்2032 வகை நாணய பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 225 மில்லியாம்பியர் மணி இருக்கிறது. 3 வோல்ட்டில் அது சுமார் 2,400 ஜூல். இதுவே உங்கள் முழு வரவு.

இனிச் செலவைப் பார்ப்போம். 802.15.4 வலையமைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வினாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறது, அதாவது ஒரு பைட்டுக்கு 32 மைக்ரோவினாடி. இன்றைய குறைமின்சக்திச் சிப் ஒன்று 0 டிபிஎம் (அதாவது 1 மில்லிவாட்) திறனில் அனுப்பும்போது சுமார் 5 மில்லியாம்பியர் எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால், காற்றில் போகும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஏறத்தாழ அரை மைக்ரோஜூல் ஆகிறது. ஏஇஎஸ் குறியாக்கத்தை மென்பொருளிலேயே செய்தாலும், நன்றாக எழுதப்பட்ட நிரலுக்கு 16 பைட் கொண்ட ஒரு தொகுதிக்குச் சுமார் ஆயிரம் சுழற்சிகள் போதும்; 64 மெகாஹெர்ட்ஸில் ஓடி 10 மில்லிவாட் எடுக்கும் செயலியில் அது 0.16 மைக்ரோஜூல்தான்.

16 பைட் அளவீடு ஒன்றை, மறைப்பதையும் சரிபார்ப்பதையும் ஒன்றாகச் செய்யும் சிசிஎம் முறையில் குறியாக்கி, செய்தி மாற்றப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்புக் குறியும் இட ஏறத்தாழ ஆறு தொகுதிகள் கணிக்க வேண்டும், ஆக 1 மைக்ரோஜூல். அதற்காகப் பாக்கெட்டில் கூடும் பாதுகாப்புத் தலைப்பு 5 பைட், சரிபார்ப்புக் குறி 4 பைட், ஆக 9 பைட்டுக்குச் சுமார் 4.5 மைக்ரோஜூல். மொத்தம் 5.5 மைக்ரோஜூல். நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பினால் ஆண்டுக்கு 5,25,600 செய்திகள். பாதுகாப்பின் முழுச் செலவு ஆண்டுக்கு சுமார் 3 ஜூல். 2,400 ஜூலில் 3 ஜூல்! பாதுகாப்பை விட்டுவிட்டால் பேட்டரி நீடிக்கும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். செய்தியை அனுப்பிவிட்டு, பதிலுக்காக ரிசீவரைத் தேவைக்கு மேல் வெறும் 10 மில்லிவினாடி திறந்துவைத்தால் 150 மைக்ரோஜூல் போகிறது. ஆண்டுக்கு 79 ஜூல், அதாவது பாதுகாப்புச் செலவைப் போல 25 மடங்குக்கும் மேல். ரிசீவர் இடைவிடாமல் திறந்தே இருந்தால் அதே பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்காது. எனவே மின்சக்தியைச் சேமிக்க விரும்பினால் கை வைக்க வேண்டிய இடம் குறியாக்கம் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை அளந்து சுருக்குங்கள், உறக்க மின்னோட்டம் டேட்டா ஷீட் சொல்லும் அளவுக்கு உண்மையிலேயே இறங்குகிறதா என்று பாருங்கள்.

லோரா போன்ற நெடுந்தூர ரேடியோவில் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. பரவல் காரணி (கூடினால் தூரமும் அனுப்பும் நேரமும் கூடும்) 12, அலையகலம் 125 கிலோஹெர்ட்ஸ், குறியீட்டு வீதம் 4/5 என்ற அமைப்பில் 12 பைட் தகவலோடு லோராவேனின் 13 பைட் உறையையும் சேர்த்து 25 பைட் அனுப்ப சுமார் 1,483 மில்லிவினாடி ஆகும். அதை 26 பைட்டாக்கினால் 1,647 மில்லிவினாடி. ஒரே ஒரு பைட்டுக்கு 164 மில்லிவினாடி கூடுவதற்குக் காரணம், இந்த அமைப்பில் அனுப்பும் நேரம் ஐந்து பைட்டுக்கு ஒரு முறை படிக்கட்டாக ஏறுவதுதான். 29 மில்லியாம்பியர் எடுக்கும் ரேடியோவில் அந்த ஒரு படியின் விலை 14 மில்லிஜூல், அதாவது ஒரு செய்தியைக் குறியாக்க ஆகும் கணிப்புச் செலவைப் போலப் பல்லாயிரம் மடங்கு. ஆகவே உங்கள் செய்தியின் நீளம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கணக்கிட்டு, படியின் விளிம்புக்குள் அடங்கும்படி தகவலைச் சுருக்குங்கள். வெப்பநிலையை எழுத்துகளாக அனுப்பாமல் இரண்டு பைட் முழுஎண்ணாக அனுப்புவது இந்த வகையில் மிகப் பலன் தரும். சுருக்குவது குறியாக்கத்துக்கு முன்பே நடக்க வேண்டும், ஏனெனில் குறியாக்கிய உரை சுருங்காது.

4. குறியாக்க முறையைத் தேர்ந்தெடுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். சிப்பில் ஏஇஎஸ் வன்பொருள் இருந்தால் 128 பிட் ஏஇஎஸ்ஸை சிசிஎம் முறையில் பயன்படுத்துங்கள். 802.15.4, புளூடூத் குறைமின்சக்தி வகை, ஜிக்பீ ஆகிய மூன்றும் இதே குடும்பத்தைத்தான் பயன்படுத்துகின்றன. வன்பொருள் இல்லாத மிகச் சிறிய செயலி என்றால், அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2025 ஆகஸ்டில் இறுதி செய்த ஆஸ்கான் முறையைப் பரிசீலிக்கலாம். ஆனால் அதன் சரிபார்ப்புக் குறி இயல்பாக 16 பைட் என்பதால் மேலே போட்ட காற்றுக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

இரண்டு பொறிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, நீங்களே உருவாக்கிய இலகுவான குறியாக்கம். மேலே கண்டபடி அதில் மிச்சமாகும் மின்சக்தி ஏறக்குறைய ஒன்றுமில்லை, இழப்போ முழுமையானது. மற்றொன்று, தொகுதிகளைத் தனித்தனியாகக் குறியாக்கும் ஈசிபி முறை. அதில் ஒரே அளவீடு எப்போதும் ஒரே குறியாக்கிய உரையாகவே வரும், ஆகவே உங்கள் அறை காலியாக இருக்கும் நேரத்தை ஒட்டுக்கேட்பவர் எதையும் உடைக்காமலேயே கண்டுகொள்வார்.

5. சாவிகளை எப்படிக் கொடுக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒட்டுக்கேட்பவர்கள் ஏஇஎஸ்ஸை உடைப்பதில்லை, சாவி கைமாறும் நேரத்தைப் பிடிக்கிறார்கள். ஆகையால் இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சாதனங்களுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் தொழிற்சாலையிலேயே சாவியை ஏற்றுவதற்கும், நிறுவிய பிறகு ஒவ்வொன்றாகப் போய் ஏற்றுவதற்கும் ஆகும் கூலியில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே சாவி என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். ஒரு சென்சார் களவு போனால் முழு வலையமைப்பும் திறந்துவிடும். இதற்கு எளிய மாற்று உண்டு: சென்சார்களின் செய்திகளைப் பெறும் மையச் சாதனமான கேட்வேயில் ஒரு தலைமைச் சாவியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதையும் சாதனத்தின் அடையாள எண்ணையும் சேர்த்து எச்கேடிஎஃப் அல்லது ஏஇஎஸ்-சிமேக் என்னும் சாவி வருவிக்கும் கணிப்புகள் மூலம் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவியை வருவியுங்கள். சாதனத்தில் அதன் சொந்தச் சாவி மட்டுமே இருக்கும். இதனால் காற்றில் ஒரு பைட்டும் கூடாது, பேட்டரிக்கும் செலவில்லை.

பழைய பதிவுகளைக் காக்க விரும்பினால், நாளுக்கு ஒரு முறை சாதனம் தன் சாவியை ஹேஷ் (திருப்பிக் கணிக்க முடியாத ஒருவழிக் கணிப்பு) செய்து புதிய சாவியாக்கிவிட்டுப் பழையதை அழித்துவிட வேண்டும். கேட்வேயும் அதையே செய்யும். நாளை சாதனம் களவு போனாலும் நேற்றைய செய்திகளைத் திறக்க முடியாது. இரு பக்கமும் ஒரே நாளில்தான் இருக்கின்றன என்பதை உறுதிசெய்ய, நாள் எண்ணின் கடைசிச் சில பிட்டுகளைத் தலைப்பில் ஏற்கெனவே பயன்படாமல் இருக்கும் இடத்தில் வைத்தால் போதும்.

நெறிமுறைவாரியாகக் கவனிக்க வேண்டியவை இவை. புளூடூத்தில் பழைய இணைசேர்ப்பு முறையைச் சாதனம் ஏற்காதபடி அணைத்துவிடுங்கள். அதில் ஆறு இலக்க எண் வைத்தாலும் பத்து லட்சம் வாய்ப்புகளே இருப்பதால், இணைசேரும் உரையாடலைப் பதிவு செய்தவர் அதைக் கணினியில் சில நொடிகளில் உடைத்துவிடலாம். 4.2 பதிப்பில் வந்த பாதுகாப்பான இணைப்பு முறை நீள்வளைவுச் சாவிப் பரிமாற்றத்தைப் பயன்படுத்துவதால் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. அந்த முறையில் சோதனைக்கென்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாவிச் சோடி இருக்கிறது. வெளியீட்டுக்கான ஃபர்ம்வேர், அதாவது சாதனத்தின் உள்மென்பொருள், அதை ஏற்க மறுக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.

ஜிக்பீயில் புதிய சாதனம் சேரும்போது வலையமைப்புச் சாவி அனுப்பப்படுகிறது. இயல்புநிலையில் அதை மூடிக் காப்பது உலகமே அறிந்த ஒரு பொதுச் சாவி. சேரும் நொடியில் அருகில் கேட்டவருக்கு எல்லாம் கிடைத்துவிடும். ஒவ்வொரு சாதனத்தோடும் தனியாக வரும் நிறுவல் குறியீட்டைக் கட்டாயமாக்கினால் இந்த ஓட்டை அடைபடும். லோராவேனில் காற்றுவழிச் சேர்க்கையைத் தேர்ந்தெடுங்கள். நிலையான சாவியை எழுதிவைக்கும் முறை தொடக்கத்தில் எளிதாகத் தெரிந்தாலும், அடுத்த படியில் சொல்லும், செய்திகளை எண்ணும் கவுன்டரின் சிக்கலில் கொண்டுபோய் விடும். வைஃபையில் டபிள்யூபிஏ2 பொதுக் கடவுச்சொல் முறையில், கடவுச்சொல் தெரிந்த எவரும் இணைப்பின் தொடக்கத்தைப் பதிவு செய்திருந்தால் பிறருடைய போக்குவரத்தைப் படிக்க முடியும். டபிள்யூபிஏ3 அதைத் தடுக்கிறது. ஆனால் அதன் தொடக்கக் கணிப்பு கனமானது என்பதால், பேட்டரிச் சாதனத்தில் முந்தைய இணைப்பின் சாவியைச் சேமித்துவைத்து மீண்டும் பயன்படுத்தும் வசதியையும் இயக்குங்கள்.

இறுதியாக, சாவி ஏற்றியதும் சிப்பின் பிழைநீக்க வாயிலைப் பூட்டுங்கள். சில சிப் வகைகளில் இந்தப் பூட்டை மின்னழுத்தத்தைத் தடுமாறச் செய்து திறக்க முடியும் என்பது பொதுவெளியில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. முதல் படியில் எர்ராட்டாவை வலியுறுத்தியது இதற்காகவும்தான்.

6. கவுன்டர் எக்காலத்திலும் பின்னோக்கிப் போகாதபடி செய்யுங்கள்

புதியவர்கள் மிக எளிதாகத் தவறவிடும் படி இது. சிசிஎம் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் நான்ஸ் என்னும் ஒருமுறை எண் தேவை. 802.15.4 இல் அது அனுப்புநரின் 8 பைட் முகவரி, 4 பைட் கவுன்டர், 1 பைட் பாதுகாப்பு நிலை ஆகியவற்றால் ஆன 13 பைட். ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் இரண்டு முறை வந்துவிட்டால், ஒட்டுக்கேட்பவர் இரண்டு குறியாக்கிய உரைகளை ஒன்றோடொன்று எக்ஸ்ஆர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணிப்பு) செய்து, சாவியிலிருந்து வந்த மறைப்பை நீக்கிவிடுவார். அவற்றில் ஒன்றை ஊகிக்க முடிந்தால் மற்றது அப்படியே வெளிவந்துவிடும். சென்சார் அளவீடுகளை ஊகிப்பது கடினமில்லை.

இது எப்போது நிகழும்? பேட்டரியை மாற்றும்போது, சாதனம் தடுமாறி மறுதொடக்கம் ஆகும்போது, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது. தற்காலிக நினைவகத்தில் மட்டும் கவுன்டரை வைத்திருந்தால் அது பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். சரி, ஒவ்வொரு செய்திக்கும், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவிடலாம் என்றால் அதற்கும் வரம்பு உண்டு: பல சிப்களின் ஃபிளாஷ் பக்கம் 10,000 முறை அழிப்பதற்கே உத்தரவாதம் பெற்றது. ஒரே பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு முறை அழித்து எழுதினால் அந்த வரம்பு ஏழு நாட்களில் தீர்ந்துபோகும்; எழுதவும் அழிக்கவும் ஆகும் மின்சக்தி வேறு.

சரியான வழி, எண்களைத் தொகுதியாக முன்பதிவு செய்வதாகும். தற்போதைய எண்ணுக்கு 1,024 கூடுதலான ஒரு மேல்வரம்பை முதலில் ஃபிளாஷில் எழுதுங்கள், எழுதியது சரியாகப் பதிந்ததா என்று படித்துப் பாருங்கள், அதன் பிறகே அந்த வரம்புக்குள் உள்ள எண்களைப் பயன்படுத்துங்கள். மறுதொடக்கம் ஆனால் ஃபிளாஷில் உள்ள மேல்வரம்பிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். இடையில் சில நூறு எண்கள் வீணாகும். அதனால் கேடில்லை, ஏனெனில் 4 பைட் கவுன்டர் வினாடிக்கு ஒரு செய்தி அனுப்பினாலும் 136 ஆண்டுகள் வரும். நிமிடத்துக்கு ஒரு செய்தி என்ற வேகத்தில் ஃபிளாஷில் எழுதுவது 17 மணி நேரத்துக்கு ஒரு முறையாகக் குறைகிறது. 4 கிலோபைட் பக்கத்தில் 4 பைட் பதிவுகளை வரிசையாக எழுதிச் சென்றால், ஆண்டுக்கு ஒரு முறைகூட அழிக்க வேண்டியிருக்காது.

பேட்டரி தீரும் தறுவாயில் ஃபிளாஷில் எழுதுவது பாதியில் நின்றுபோகலாம். எழுதுவதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து, டேட்டா ஷீட் குறிப்பிடும் அளவுக்குக் கீழே இருந்தால் எழுதவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். பெறும் பக்கத்திலும் கேட்வே ஒவ்வொரு சாதனத்தின் கடைசி எண்ணை நினைவில் வைத்து, அதற்குச் சமமாகவோ குறைவாகவோ வரும் பாக்கெட்டுகளை நிராகரிக்க வேண்டும். கவுன்டர் பொருந்தவில்லை என்று புகார் வரும்போது இந்தச் சரிபார்ப்பை அணைத்துவிடும்படி சொல்லும் ஆலோசனைகளைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொருந்தாமைக்கான காரணத்தைத் தேடுங்கள்.

7. சேர்க்கும் பைட்டுகளைச் சிக்கனமாக்குங்கள்

சரிபார்ப்புக் குறியை 4, 8, 16 பைட் என்று தேர்ந்தெடுக்க 802.15.4 இடம் தருகிறது. 4 பைட் குறியைக் கண்மூடித்தனமாக ஊகிப்பவருக்கு ஒரு முயற்சியில் சுமார் 430 கோடியில் ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். மெதுவான ரேடியோவில் ஒவ்வொரு முயற்சியையும் காற்றில் அனுப்பித்தான் பார்க்க முடியும் என்பதால் அளவீடுகளுக்கு இது போதும். கதவைத் திறக்கும், வால்வை மூடும் கட்டளைகளுக்கு மட்டும் 8 பைட் வையுங்கள். குறியே இல்லாமல் குறியாக்கம் மட்டும் என்ற தேர்வைத் தொடாதீர்கள்: சிசிஎம்மின் உள்ளே இருக்கும் சிடிஆர் வகைக் குறியாக்கத்தில் நடுவழியில் ஒரு பிட்டைப் புரட்டினால் அளவீட்டிலும் அதே பிட் புரளும்.

கவுன்டரின் முழு நீளத்தையும் அனுப்பத் தேவையில்லை. லோராவேன் 32 பிட் கவுன்டரில் கீழ் 16 பிட்டுகளை மட்டுமே அனுப்பி, மேற்பகுதியைப் பெறுபவரே கணித்துக்கொள்ளும்படி செய்கிறது. உங்கள் சொந்த வடிவமைப்பிலும் இதைச் செய்யலாம், ஆனால் நான்ஸில் முழு எண்ணே இடம்பெற வேண்டும். நேர அட்டவணைப்படி இயங்கும் டிஎஸ்சிஎச் முறை இன்னும் ஒரு படி மேலே போய், எல்லோருக்கும் பொதுவான காலக்கூறு எண்ணையே நான்ஸில் கவுன்டருக்குப் பதிலாகப் பயன்படுத்துவதால் கவுன்டரை அனுப்பவே வேண்டியதில்லை.

8. இணைப்புப் பேச்சுவார்த்தையை அரிதாக்குங்கள்

கேட்வேயையும் தாண்டி, சென்சார் முதல் சர்வர் வரை முழுப் பாதையும் குறியாக்கப்பட வேண்டுமென்றால் டிடிஎல்எஸ் அல்லது ஓஸ்கோர் என்னும் நெறிமுறை தேவைப்படும். இங்கே செய்திக்குச் செய்தி ஆகும் செலவைவிட ஹேண்ட்ஷேக்கின், அதாவது தொடக்க இணைப்புப் பேச்சுவார்த்தையின், செலவே பெரியது. சான்றிதழ்களோடு நடக்கும் டிடிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கில் ஆயிரக்கணக்கான பைட்டுகள் பல பாக்கெட்டுகளாகப் போய்வரும், அதுவரை ரிசீவர் திறந்திருக்கும். 2024 இல் வெளியான ஆர்எஃப்சி 9528 என்னும் இணையத் தரநிலை ஆவணம் வரையறுக்கும் எட்ஹாக் முறை, சாவிகளை அடையாள எண்ணால் மட்டும் குறிப்பிடும் வகையில், மூன்று செய்திகளில் மொத்தம் 101 பைட்டில் அதே வேலையை முடிக்கிறது. அதில் கிடைக்கும் சாவியை ஓஸ்கோருக்குக் கொடுத்துவிடலாம்.

டிடிஎல்எஸ்ஸையே பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தால் ஆர்எஃப்சி 9146 சொல்லும் இணைப்பு அடையாள எண்ணை இயக்குங்கள். நீண்ட உறக்கத்திலிருந்து விழிக்கும் சாதனத்தின் வெளிமுகவரி இடையிலுள்ள ரவுட்டரில் மாறிப்போயிருக்கும். இந்த வசதி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முழு ஹேண்ட்ஷேக்கும் மறுபடி நடக்கும், பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதும் தெரியாது. டிடிஎல்எஸ் 1.2 பதிப்பின் 29 பைட் உறையை 1.3 பதிப்பு வெகுவாகச் சுருக்கிவிட்டது என்பதையும் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

9. அனுப்பும் திறனைக் குறையுங்கள், ஆனால் அதையே காவலாக நம்பாதீர்கள்

பல சிப்களில் 8 டிபிஎம்மிலிருந்து 0 டிபிஎம்முக்கு இறங்கினால் அனுப்பும் மின்னோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். திறந்த வெளியில் 6 டெசிபெல் குறைத்தால் எட்டும் தூரம் பாதியாகும். லோராவில் பரவல் காரணி 12 இல் 1,483 மில்லிவினாடி எடுத்த அதே 25 பைட், காரணி 7 இல் 62 மில்லிவினாடியில் முடிந்துவிடும், கேட்கும் தூரமும் சுருங்கும். பேட்டரிக்கும் மறைவுக்கும் ஒரே நேரத்தில் உதவும் மாற்றம் என்பதால் தயங்காமல் செய்யுங்கள். இருந்தாலும் நல்ல திசை ஆன்டெனா வைத்திருப்பவர் இழந்த டெசிபெல்களை மீட்டுவிடுவார். ஒட்டுக்கேட்பவரைக் குழப்பச் செயற்கை இரைச்சலை அனுப்பும் யோசனைகளும் ஆய்வுகளில் உண்டு. அந்த இரைச்சலுக்கும் மின்சக்தி வேண்டும், பிறர் சேவைக்கு இடையூறு செய்தால் பெரும்பாலான நாடுகளில் அது சட்டமீறல். சிறிய வலையமைப்புக்கு அது ஏற்றதல்ல.

10. நேரமும் நீளமும் ரகசியத்தைச் சொல்லிவிடுவதைத் தடுங்கள்

குறியாக்கம் உள்ளடக்கத்தை மட்டுமே மறைக்கிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு பாக்கெட் கிளம்பினால், அந்தப் பாக்கெட்டே செய்திதான். அவசரமில்லாத நிகழ்வுகளைச் சேர்த்துவைத்து, நிலையான இடைவெளியில், நிலையான நீளத்தில் அனுப்புங்கள். நிகழ்வு எதுவும் இல்லாதபோதும் அதே நீளத்தில் ஒரு பாக்கெட் போக வேண்டும். 50 பைட் பாக்கெட்டை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்ப, காற்றில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 13 ஜூல் ஆகிறது. நாணய பேட்டரிக்கு இது தாங்கக்கூடியதே. லோராவின் நீண்ட பாக்கெட்டுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்பதால் அங்கே மணிக்கு ஒன்று என்று இடைவெளியை நீட்டுங்கள். தீ எச்சரிக்கை போன்றவற்றைத் தாமதப்படுத்தக் கூடாது, அவற்றை இந்த விதியிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மனிதர்கள் உடன் எடுத்துச்செல்லும் புளூடூத் சாதனமாக இருந்தால், மாறிக்கொண்டே இருக்கும் தனி முகவரியைப் பயன்படுத்துங்கள். வழக்கமான இடைவெளி 15 நிமிடம். முகவரி மாறும் அதே கணத்தில் சாதனம் தன் இருப்பை அறிவிக்கும் விளம்பரப் பாக்கெட்டில் உள்ள மற்ற எண்களும் மாற வேண்டும். ஒன்று மட்டும் மாறாமல் நின்றால் முகவரி மாறியதன் பலன் போய்விடும்.

11. உங்கள் வலையமைப்பை நீங்களே ஒட்டுக்கேளுங்கள்

நிறுவுவதற்கு முன் ஒரு பாக்கெட் பிடிப்பு டாங்கிளும், மைக்ரோஆம்பியர் வரை அளக்கும் மின்னோட்ட அளவியும், பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளும் வாங்கி அல்லது இரவல் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொந்தமான வலையமைப்பில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பிறர் போக்குவரத்தைப் பிடிப்பது பல நாடுகளில் குற்றம்.

முதல் சோதனையில் சென்சார் எப்போதும் ஒரே மதிப்பை அனுப்பும்படி செய்யுங்கள். குறியாக்கிய உரை எங்காவது திரும்ப வந்தால் ஆறாம் படிக்குப் போக வேண்டும். இரண்டாவதாக, பேட்டரியைத் திடீரென்று பிடுங்கிப் பிடுங்கிப் போட்டு, பதிவில் எந்தக் கவுன்டர் எண்ணாவது இரண்டு முறை வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அனுப்பும் நடுவிலும், ஃபிளாஷில் எழுதும் நடுவிலும் பிடுங்கிப் பார்க்க வேண்டும், அங்கேதான் பிழைகள் ஒளிந்திருக்கும். மூன்றாவதாக, புதிய சாதனம் ஒன்று சேரும் முழு உரையாடலையும் பதிவு செய்து, பொதுவாகத் தெரிந்த இயல்புநிலைச் சாவிகளை வயர்ஷார்க்கில் ஏற்றி அது திறக்கிறதா என்று பாருங்கள். நான்காவதாக, பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்பி கேட்வே அதை நிராகரிக்கிறதா என்று பாருங்கள்.

மின்னோட்டத்தைப் பாதுகாப்போடும் பாதுகாப்பில்லாமலும் தலா 24 மணி நேரம் அளந்து, மூன்றாம் படியில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு கணக்கைவிடப் பலமடங்கு இருந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்: ஹேண்ட்ஷேக் எதிர்பாராமல் திரும்பத் திரும்ப நடப்பது, குறியாக்க வன்பொருளுக்கான கடிகாரம் வேலை முடிந்தும் அணையாமல் இருப்பது, தற்செயல் எண் உற்பத்தி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. குளிரான சூழலில் வைக்கப்போகும் சாதனத்தை அந்தக் குளிரிலேயே அளங்கள், நாணய பேட்டரி குளிரில் உச்ச மின்னோட்டம் தரத் திணறும்.

12. கால வரிசையும், சாதனத்தை விலக்கும் நாளும்

ஆவணங்களையும் கணக்கையும் முடிக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள், சாவித் திட்டத்துக்கு அதைவிடக் கூடுதலாக. மாதிரிச் சாதனங்கள் சிலவற்றை குறைந்தது ஒரு மாதம் ஓடவிட்ட பின்பே மொத்த ஆர்டர் கொடுங்கள். கவுன்டர், சாவி மாற்றம், முகவரி மாற்றம் ஆகியவற்றின் பிழைகள் முதல் நாளில் தலைகாட்டுவதில்லை. ஃபர்ம்வேரைக் காற்றுவழியே புதுப்பிப்பதற்கும் மின்சக்தி வேண்டும், ஆகவே சாதனத்தின் வாழ்நாளில் எத்தனை புதுப்பிப்புகள் என்று முன்கூட்டியே எண்ணி, வரவுசெலவில் அதற்கென ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். கையொப்பமில்லாத ஃபர்ம்வேரைச் சாதனம் ஏற்கக் கூடாது.

சாதனம் பழுதானாலும் ஓய்வு பெற்றாலும், அதன் சாவியை முதலில் கேட்வேயில் நீக்குங்கள், பிறகு சாதனத்தின் ஃபிளாஷை முழுவதும் அழியுங்கள், பதிவேட்டில் தேதியிடுங்கள். பழுதுபார்க்க வெளியே அனுப்பும் சாதனத்தையும் விலக்கப்பட்டதாகவே கருதி, திரும்பி வந்ததும் புதிய அடையாள எண்ணோடும் புதிய சாவியோடும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சாவியை மீண்டும் ஏற்றினால், அழிந்துபோன கவுன்டர் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.